பிறவாத புகை

நுழையும்முன்

நாள்தோறும் நாம் நடக்கும் சாலை எங்கே உருவாகிறது? அது உருவாகும் இடத்தில் எழும் புகையும் தூசியும் யாருடைய மூச்சில் கலக்கின்றன? தேய்ந்த சாலை எங்கே போகிறது? தீயோடும் வெடிமருந்தோடும் தொழில் செய்து பழகிய சிவகாசி மண்ணிலிருந்து இவ்வினாக்களை எழுப்புகிறது இக்கட்டுரை. மாசைப் பிடித்து அடக்குவதைவிட அது பிறவாமல் காப்பதே சிறந்தது என்பது இதன் கருத்து.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கும், அங்கிருந்து சாத்தூருக்கும் திருவில்லிபுத்தூருக்கும் செல்லும் சாலைகள் உறங்குவதில்லை. தீப்பெட்டிக் கட்டுகளையும் பட்டாசுப் பெட்டிகளையும் அச்சிட்ட நாட்காட்டிகளையும் சுமந்த சரக்குந்துகள் அவற்றின் வழியே நாட்டின் எல்லாத் திசைகளுக்கும் செல்கின்றன. வானம் பார்த்த பூமியில் இருந்த ஓர் ஊர் தொழில்நகராக வளர்ந்ததில் உழைப்பாளரின் கைகளுக்கு உள்ள பங்கு சாலைகளுக்கும் உண்டு.

இச்சாலைகளில் பல கரிசல் நிலத்தின்மீது கிடக்கின்றன. கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சி ஊதும். கோடையில் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். அடியில் நிலம் அசையும்போது மேலே உள்ள தார்ப்பரப்பு விரிசல் விடுகிறது. விரிசல் வழியே நீர் இறங்குகிறது. கனமான சக்கரங்கள் அவ்விடத்தை அழுத்த, விரிசல் பள்ளமாகிறது. ஆதலால் கரிசல் நாட்டுச் சாலைகளுக்குப் பழுதும் புதுப்பிப்பும் ஓயாத வேலைகளாக உள்ளன. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு பணம் செலவாயிற்று என்று கணக்கு எழுதுகிறோம். எவ்வளவு புகை எழுந்தது, எத்தனை பாறை உடைந்தது, எடுத்த பழைய கலவை எங்கே கொட்டப்பட்டது என்பவற்றை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. அந்த எழுதப்படாத கணக்கைப் பற்றியே நாம் சிந்திக்க வேண்டும்.

சாலை உருவாகும் இடம்

பேச்சு வழக்கில் ‘தார்’ எனப்படுவது, கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கரிய பசைப்பொருளாகும். நிலக்கீல் என்பது அதற்குரிய கலைச்சொல். நூறு கிலோ சாலைக் கலவையில் தார் ஏறத்தாழ ஐந்து கிலோ மட்டுமே. எஞ்சிய தொண்ணூற்றைந்து கிலோவும் ஜல்லியும் மணலும் கல்தூளுமே. எனவே தார்ச்சாலை என்று நாம் அழைப்பது, உண்மையில் தாரால் ஒட்டப்பட்ட கற்சாலையே ஆகும். அக்கல் ஏதோ ஒரு குன்றிலிருந்து வெட்டப்பட்டது. அத்தார் பெரும்பாலும் கடல் கடந்து வந்த கச்சா எண்ணெயின் எச்சம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது.

இவ்விரண்டும் சேரும் இடம் தார்க் கலவை ஆலை. சாய்வாகச் சுழலும் பெரிய இரும்பு உருளைக்குள் ஜல்லியும் கல்தூளும் கொட்டப்படுகின்றன. உருளையின் ஒரு முனையில் எண்ணெய் எரியும் தீநாக்கு சீறுகிறது. அவ்வெப்பத்தில் கல்லின் ஈரம் ஆவியாகிறது. கல் 150 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. பின்னர் உருக்கிய தாருடன் கலந்து சரக்குந்தில் கொட்டப்படுகிறது. சூடு ஆறுவதற்குள் அது சாலைக்குச் சென்று, பரப்பப்பட்டு, உருளைப் பொறியால் அழுத்தப்பட்டாக வேண்டும்.

இவ்வாலையில் மூன்று வகை மாசு தோன்றுகிறது. முதலாவது, உருளை சுழலும்போது பறக்கும் நுண்ணிய கல்தூசி. பாறைத் துகளில் உள்ள சிலிக்கா நெடுங்காலம் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் உண்டாகும். இரண்டாவது, எண்ணெய் எரிவதால் வரும் கரும்புகை. மூன்றாவது, தார் அளவுக்கு மீறிச் சூடாகும்போது எழும் நீலநிறப் புகை. சாலைப் பணியில் தார்ப்புகையைத் தொடர்ந்து சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ஆம் ஆண்டு அதனை வகைப்படுத்தியது. சாலையில் செல்லும் நாம் அப்புகையைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறோம். முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் கலவைக்கு அருகே நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளி அதனைக் கடந்துசெல்ல வழியில்லை.

புகைபோக்கிக்கு முன்னும் பின்னும்

மாசைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. பிறந்த மாசைப் புகைபோக்கியின் வாயிலில் பிடிப்பது ஒரு வழி. மாசு பிறக்கும் காரணத்தையே குறைப்பது மற்றொரு வழி.

இரண்டாம் வழியின் அருமையைச் சிவகாசிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வானில் வெடித்துச் சிதறும் பட்டாசுக்கு வடிகட்டி பொருத்த எவராலும் இயலாது. அதன் புகையைக் குறைக்க வேண்டுமாயின், மருந்துக் கலவையையே மாற்றியாக வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமாகிய நீரி, துகள் மாசை முப்பது விழுக்காடாவது குறைக்கும் பசுமைப் பட்டாசுக் கலவைகளை வகுத்தது. அம்மாற்றத்தால் தொழிலாளரும் உற்பத்தியாளரும் அடைந்த இடர்ப்பாடுகள் சிறியவை அல்ல. எனினும் மாசு குறைப்பு என்பது கலவைக் கூடத்தில் தொடங்க வேண்டும் என்னும் பாடம் அங்கே உறுதிப்பட்டது. அதே பாடம் தார்க் கலவைக்கும் பொருந்தும்.

புகைபோக்கியில் மாசைப் பிடிக்கும் கருவிகள் தேவையற்றவை என்பது இதன் பொருளன்று. சுழற்காற்றால் பருந்தூசியைப் பிரிக்கும் கருவியும், நுண்தூசியைத் துணிப்பைகளில் வடிகட்டும் அமைப்பும் ஒவ்வோர் ஆலைக்கும் இன்றியமையாதவை. இவற்றுள் துணிப்பை வடிகட்டிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதில் சேரும் நுண்தூள், கற்களின் இடைவெளியை நிரப்பும் பொருளாக மீண்டும் கலவைக்கே செல்லத் தக்கது. தண்ணீர் தெளித்துத் தூசியைப் பிடிக்கும் முறையிலோ தூசி சேறாகிறது. காற்றைக் காப்பாற்றிய பின்னர் அச்சேற்றை எங்கே கொட்டுவது என்னும் வினா எஞ்சுகிறது. தண்ணீர் அருமையான விருதுநகர் மாவட்டத்தில் அவ்வினா மேலும் கூர்மையாகிறது. மாசை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு மாற்றுவது தீர்வாகாது. அதனைப் பயனுள்ள பொருளாக்குவதே தீர்வு.

ஒரு கூரை செய்யும் வேலை

மாசைத் தடுக்கப் பெருஞ்செலவு ஆகும் என்பது பொதுவான எண்ணம். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மழையில் நனைந்த ஒரு டன் கல்லில் ஐந்து விழுக்காடு ஈரம் இருப்பதாகக் கொள்வோம். அதாவது அதில் 50 கிலோ நீர் உள்ளது. அந்நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம், அக்கல்லை 160 டிகிரிக்குச் சூடேற்றச் செலவாகும் வெப்பத்தைவிடக் குறைந்ததன்று. நீரின் ஆவியாதல் வெப்பத்தை இயற்பியலில் கற்ற மாணவர் எவரும் இதனைத் தாமே கணக்கிட்டு அறியலாம். அப்படியானால், ஈரக்கல்லைப் பயன்படுத்தும் ஆலையில் எரியும் எண்ணெயின் பெரும்பகுதி சாலை அமைக்க எரியவில்லை. மழைநீரைக் கொதிக்கவைக்க எரிகிறது.

கற்குவியலின்மேல் ஒரு கூரை வேய்ந்து, தரையைச் சற்றே சாய்வாக அமைத்து நீரை வடியவிட்டால், அவ்வெண்ணெயில் பெரும்பங்கு எரியாமலே மிஞ்சும். எரியாத எண்ணெய்க்குப் புகை இல்லை. அதனை வடிகட்டக் கருவியும் வேண்டியதில்லை. மாசுத் தடுப்பும் செலவுக் குறைப்பும் ஒன்றாய் நிற்கும் இடம் இது.

சூட்டைக் குறைப்பது அடுத்த படி. ஐரோப்பிய நாடுகளில் 1990-களில் ‘இளஞ்சூட்டுக் கலவை’ என்னும் முறை உருவாயிற்று. தாருடன் சிறிதளவு நீரைச் செலுத்தி நுரைக்கச் செய்தோ, சில சேர்பொருள்களைக் கலந்தோ அதன் இளக்கத்தைக் கூட்டினால், வழக்கத்தைவிட 20 முதல் 40 டிகிரி வரை குறைந்த வெப்பத்திலேயே கல்லும் தாரும் கலந்துவிடும். எண்ணெய் மிச்சமாகிறது; நீலப்புகை குறைகிறது; சாலையில் நின்று பணிபுரிவோர் எளிதாக மூச்சு விடுகின்றனர். இந்தியச் சாலைப் பேரவையும் இம்முறைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. ஆயினும் நம் ஊர்ச் சாலைப் பணிகளில் இச்சொல்லைக் கேட்பதே அரிதாக உள்ளது.

பழைய சாலை குப்பையா?

மேற்கூறியவை ஆலைக்குள் செய்யத் தக்கவை. அவற்றினும் பெரிய மாற்றம் சாலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

நம் ஊர்களில் பழைய சாலையின்மீதே புதிய அடுக்கைப் போடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஒவ்வொரு முறையும் சாலை சில விரற்கடை உயர்கிறது. வீடுகளோ உயர்வதில்லை. தாத்தா காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டிற்குள், பேரன் காலத்தில் ஒரு படி இறங்கி நுழைய நேர்கிறது. மழைக்காலத்தில் தெருநீர் வாசலைத் தாண்டி அடுப்படி வரை வருகிறது. வசதி உள்ளவர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுகிறார். வசதி இல்லாதவர் வாசலில் மண்மூட்டைகளை அடுக்குகிறார். 

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய அடுக்கைப் போட வேண்டும் என்றும், சாலையின் மட்டம் உயரக்கூடாது என்றும் அலுவலர்களுக்கு அறிவுறுத்தினார். அது மக்களின் வாசற்படியைக் காக்கும் அறிவுரை. அதனோடு இணைந்து எழ வேண்டிய வினா ஒன்றுண்டு: சுரண்டி எடுத்த கலவையை என்ன செய்வது?

அதனைக் குளக்கரையிலும் ஓடையோரத்திலும் கொட்டினால், ஒரு சிக்கலைத் தீர்த்து மற்றொன்றைப் படைத்தவர்களாவோம். அக்கலவையில் இருப்பவை குன்றிலிருந்து வந்த அதே கல்லும், கடல் கடந்து வந்த அதே தாரும்தாம். கல் தேய்ந்துவிடவில்லை, தார் முதிர்ந்திருக்கிறது, அவ்வளவே. அதனை உடைத்து, சலித்து, ஆய்ந்து, புதிய கலவையில் ஒரு பங்காகச் சேர்த்தால் அது மீண்டும் சாலையாகும்.

தெரிந்து தெளிவோம்

ஒரு கிலோமீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் கொண்ட ஒருவழிச் சாலையில் 4 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்கைச் சுரண்டி எடுத்தால் 150 கனமீட்டர் கலவை கிடைக்கும். அதன் எடை ஏறத்தாழ 350 டன். அதில் தார் மட்டும் ஏறத்தாழ 17 டன். புதிய அடுக்கில் ஐந்தில் ஒரு பங்கு பழைய கலவையைச் சேர்த்தால், ஒரு கிலோமீட்டருக்கு 70 டன் புதிய பொருள் மிச்சமாகும். அது பத்து டன் ஏற்றும் சரக்குந்துகளில் ஏழு நடை.

1973-இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது, மேலை நாடுகள் பழைய தார்ச்சாலையின் மதிப்பை உணர்ந்தன. இன்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்பது கோடி டன் பழைய கலவை புதிய சாலைகளில் சேர்கிறது. அங்கே புதிய கலவையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு பழையதே. எண்ணெய் வளம் குறைந்த ஜப்பான், பெயர்த்தெடுத்த தார்க்கலவையை ஏறத்தாழ முழுவதுமாக மறுபடி பயன்படுத்துகிறது. நம் நாட்டிலும் இந்தியச் சாலைப் பேரவை 2015-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி நெறிமுறை நூலை வெளியிட்டது.

சிவகாசிக்கு இக்கருத்து புதுமையானதன்று. இவ்வூர் அச்சகங்களில் நாட்காட்டியையும் குறிப்பேட்டையும் ஓரம் வெட்டும்போது விழும் தாள் துண்டுகளை எவரும் தெருவில் கொட்டுவதில்லை. மூட்டையாகக் கட்டி, எடைபோட்டு விற்கின்றனர். அவை மீண்டும் காகிதமாகவும் அட்டையாகவும் ஆகின்றன. ஒரு விரல் அகலத் தாளுக்கு விலை உண்டு என அறிந்த ஊர், 350 டன் சாலைக் கலவையை விலையற்றது என எண்ணலாமா?

நெகிழிச் சாலை: பெருமையும் எல்லையும்

சாலையையும் மறுசுழற்சியையும் ஒருங்கே பேசும்போது நம் நினைவுக்கு வரவேண்டியவர், மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன். வீசியெறியப்பட்ட நெகிழிப் பைகளையும் உறைகளையும் சிறு துணுக்குகளாக நறுக்கி, சூடான ஜல்லியின்மீது தூவினார். நெகிழி உருகிக் கல்லின்மீது மெல்லிய போர்வையாகப் படிந்தது. அதன்மேல் தார் இறுகப் பற்றியது. நீர் உட்புகுவது குறைந்தது. 2002-ஆம் ஆண்டு சென்னையின் ஜம்புலிங்கம் தெருவில் இம்முறையில் சாலை அமைக்கப்பட்டது. ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் நெகிழிக் கழிவு பயன்படுகிறது; அதே அளவு தாரும் மிச்சமாகிறது. 2013-இல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நமக்கு அண்மையில் உள்ள மதுரையில் பிறந்த இவ்வறிவு உலகின் கவனத்தைப் பெற்றது நமக்குப் பெருமை.

பெருமையோடு எல்லையையும் அறிதல் அறிவுடைமை. இம்முறையில் பி.வி.சி. வகை நெகிழியைச் சேர்க்கலாகாது. அது சூட்டில் சிதைந்து நச்சு வாயுவை வெளியிடும். பிற வகைகளும் வரம்பு மீறிய சூட்டில் தீங்கு தரும். எனவே பிரித்தெடுக்கும் கையும் வெப்பத்தை அளக்கும் கருவியும் இல்லாத ஆலையில் நெகிழிச் சாலை நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகத் தரக்கூடும். சாலை தேயும்போது நுண்நெகிழி மண்ணிலும் நீரிலும் கலக்குமா என்னும் வினாவையும் ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். சாலை இருக்கிறது என்னும் துணிவில் நெகிழியைத் தாராளமாகப் பயன்படுத்துவது, மருத்துவமனை இருக்கிறது என்னும் துணிவில் கெட்ட உணவை உண்பதற்கு ஒப்பாகும். கழிவைக் குறைத்தல் முதலில், மறுசுழற்சி அதற்கடுத்தே.

தடைகளும் விடைகளும்

பழைய கலவையைச் சேர்த்தால் சாலையின் தரம் குறையும் என்பர் சிலர். இது புறந்தள்ளத் தக்க அச்சமன்று. வெயிலிலும் காற்றிலும் கிடந்த தார் இறுகியிருக்கும். அளவறியாமல் சேர்த்தால் சாலை முறுகி உடையும். பழைய கலவை நேரே தீநாக்கில் பட்டால் அதிலுள்ள தார் கருகி மேலும் புகை எழும். ஆயின் இவ்விரண்டுக்கும் விடை கண்டாயிற்று. இறுகிய தாரை இளக்கும் பொருள்களைச் சேர்க்கலாம். தீ படாத பகுதியில் பழைய கலவையைச் செலுத்துமாறு உருளையை அமைக்கலாம். ஒவ்வொரு குவியலையும் ஆய்வகத்தில் சோதித்த பின்னரே சேர்க்க வேண்டிய பங்கை முடிவு செய்யலாம். பிழையாகச் செய்தால் கெடும் என்பது, சரியாகச் செய்யக் கற்க வேண்டும் என்பதற்கே காரணமாகும்.

சிறிய ஒப்பந்ததாரர் இச்செலவைத் தாங்குவரா என்பது மற்றொரு வினா. இதில் நியாயம் உண்டு. குறைந்த தொகை கேட்பவருக்கே பணி என்னும் நடைமுறையில், கூரை வேய்ந்து, வடிகட்டி பொருத்தி, தொழிலாளருக்குப் பாதுகாப்பளித்துச் செலவு செய்பவர் தோற்கிறார். இவை எதையும் செய்யாதவர் வெல்கிறார். அவருடைய மிச்சம், அவ்வூர் மக்களின் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்டது. இந்நிலையை மாற்றும் ஆற்றல் ஒருவரிடம் உண்டு. சாலையை விலைக்கு வாங்குபவரே அவர். நம் நாட்டில் மிகப் பெரும்பாலான சாலைகளை வாங்குவது அரசு. அப்பணமோ மக்களின் வரி.

ஆதலால், மாற்றம் ஒப்பந்த ஆவணத்தில் எழுதப்பட வேண்டும். சுரண்டி எடுத்த கலவை எடைபோடப்பட்டு, பொதுச்சொத்தாகக் கணக்கில் ஏற வேண்டும். அதில் இன்ன பங்கைப் புதிய சாலையில் சேர்த்தாக வேண்டும் என்பது நிபந்தனையாக வேண்டும். மூடிய கற்குவியலும் இயங்கும் வடிகட்டியும் இல்லாத ஆலையின் கலவையை ஏற்கக்கூடாது. நிபந்தனை எல்லார்க்கும் ஒன்றானால், நல்லதைச் செய்பவர் அதனாலேயே தோற்கும் நிலை மறையும். சிறியோர் பலர் சேர்ந்து ஓர் ஆய்வகத்தையும் ஓர் அரவை இடத்தையும் பொதுவாக வைத்துக்கொள்ள அரசு உதவலாம்.

ஏட்டில் உறங்கும் விதி

விதி எழுதப்பட்டால் மட்டும் போதுமா? இவ்வினாவுக்குச் சிவகாசி பெருந்துயரின் வாயிலாக விடை அறிந்துள்ளது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்க வேண்டும், இவ்வளவு மருந்துதான் வைக்க வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. ஆயினும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பின்னரும் விபத்துகள் நின்றுவிடவில்லை. ஏட்டில் இருந்த விதி எவரையும் காக்கவில்லை. அறைக்குள் கடைப்பிடிக்கப்பட்ட விதியே காத்தது.

வெடி விபத்தின் ஓசை ஊருக்கே கேட்கிறது. தூசி ஓசையின்றிக் கொல்கிறது. அதனால்தான் அது செய்தியாவதில்லை. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைக்கப்பட்டது. சட்டமும் அமைப்பும் நம்மிடம் உள்ளன. இரவில் வடிகட்டி நிறுத்தப்படுகிறதா, தெருமுனையில் பழைய டயரை எரித்துத் தார் காய்ச்சப்படுகிறதா என்பவற்றை அறியும் கண்கள், அலுவலகத்தைவிட அவ்வூரில்தான் மிகுதி. சாலைப் பணியின் அளவையும் மதிப்பையும் கூறும் தகவல் பலகைகளைப் பல இடங்களில் காண்கிறோம். எடுத்த பழைய கலவை எவ்வளவு, மீண்டும் சேர்த்தது எவ்வளவு என்ற இரண்டு வரிகளையும் அதில் எழுதச் செய்தால், ஊராரே கணக்கர் ஆவர்.

மழை பொய்த்த கரிசல் காட்டிலிருந்து 1920-களில் இளைஞர் இருவர் கொல்கத்தாவுக்குச் சென்று, தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் கொண்டுவந்த அறிவே இன்றைய சிவகாசியின் வித்து. அன்று தேவைப்பட்டது தீயை உண்டாக்கும் அறிவு. இன்று தேவைப்படுவது, தீயை வேண்டிய அளவுக்கு மேல் எரிக்காதிருக்கும் அறிவு. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த சிவகாசி, தன் தெருக்களில் ஒன்றையேனும் இம்முறையில் புதுப்பித்துப் பார்க்கட்டும். மட்டம் உயராமல், பழைய கல்லை வீணாக்காமல், குறைந்த சூட்டில் போட்ட அத்தெரு ஐந்து மழைக்காலங்களைத் தாங்கினால், பிற ஊர்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. அத்தெருவிலுள்ள வீடுகளில் வாசற்படிகள் வெளியே தெரியும். குழந்தைகள் அவற்றில் அமர்ந்து படிப்பார்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் உள்ள வீடுகளின் வாசற்படிக்கும் சாலை மட்டத்திற்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்து அட்டவணைப்படுத்துக. கடந்த ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை முதியோரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. ‘நெகிழிச் சாலை, நெகிழிப் பயன்பாட்டைக் குறைக்க உதவுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. சாலையில் சுரண்டி எடுக்கப்படும் பழைய தார்க்கலவையை மீண்டும் பயன்படுத்த வேண்டி, உங்கள் உள்ளாட்சி அமைப்பின் ஆணையருக்கு விண்ணப்பம் ஒன்று வரைக.